கிரீடம் இருக்கிறது, கட்டியவர் இல்லை: வேலூர்ப் பக்கம் ஒரு காட்சிக்கூடம்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், வேலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு தங்கும் விடுதி இருக்கிறது. அதன் பின்பக்கத் தோப்பில் நான்கைந்து கூடங்கள் கட்டி, வட ஆர்க்காட்டு மக்களின் வாழ்க்கையைக் காட்டுகிறோம் என்று டிக்கெட் போட்டுத் திறந்திருக்கிறார்கள். பெயர் எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கே வேலை பார்க்கும் சின்னப் பிள்ளைகள் தலையில்தான் விடியும். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு எந்த இடம் என்று தெரிந்துவிடும்.

நல்ல இடமா என்றால், பாதி நல்ல இடம். அந்தப் பாதி மிக நன்றாக இருப்பதால்தான் மீதிப் பாதி எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

முதலில் சில்லறை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு 100 ரூபாய், பள்ளிப் பிள்ளைகளுக்கு 40. கழிப்பறை சுத்தம். சக்கர நாற்காலி போக எல்லா வாசலிலும் சரிவு போட்டிருக்கிறார்கள், முட்டி வலிக்காரர்களுக்கு அது பெரிய உதவி. குடிதண்ணீர் இலவசம். கேன்டீன் காபி சுமார், விலை அதிகம். வெயில் காலத்தில் மூன்றாவது கூடத்துக்குள் நிற்க முடியாது, தகரக் கூரை.

முதல் கூடம் ஜவ்வாது மலை வீடு. இந்த மலையில் வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்களின் வீட்டை அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். மண் சுவர், புல் கூரை, உள்ளே பரண், வெளியே கல் கால்கள் மேல் நிற்கிற தொம்பை. மூங்கிலில் பின்னி, சாணி மெழுகி, தானியம் கொட்டி வைக்கிற பெரிய கூடை அது. அதற்குள் நிஜமாகவே சாமை இருக்கிறது. கையை விட்டு அள்ளிப் பார்க்க விடுகிறார்கள். பக்கத்தில் உரல், உலக்கை. குத்திப் பார்க்கலாம். என் பெண் நாலு குத்துக் குத்திவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் ஒரு பலகை. வீட்டைக் கட்டியவர்களின் பெயர்கள், அவர்களுடைய ஊர், கட்டிய வருஷம் எல்லாம் அதில் இருக்கின்றன. மழைக்கு முன்னால் வருஷா வருஷம் அவர்களே இறங்கி வந்து கூரையைப் புதுப்பித்துவிட்டுப் போகிறார்களாம், அதற்குக் கூலி உண்டாம். உள்ளே சுவரில் ஒரு பிளக் பாயிண்ட், அதில் செல்போன் சார்ஜர் தொங்குகிறது. யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்தேன். சுற்றிக் காட்டிய பெண் சொன்னாள்: "கட்டினவங்களே வெக்கச் சொன்னாங்கக்கா. எங்க வீட்டுல இது இல்லாம எந்த வீடு இருக்குதுன்னு கேட்டாங்க." அவளுடைய ஆயா, அதாவது பாட்டி, ஊரும் ஜமுனாமரத்தூர்ப் பக்கம்தான். ஆயா வீட்டுத் தொம்பை இன்னும் இருக்கிறதாம், இப்போது அதற்குள் ரேஷன் அரிசி மூட்டை.

எனக்கு அங்கேயே மனசு நிறைந்துவிட்டது. மலைக்காரர்கள் என்றால் ஏதோ வேறு யுகத்து ஆட்கள் என்று நினைக்கிற பிள்ளைகள் இந்த வீட்டுக்குள் போய் வந்தால் அப்படி நினைக்க மாட்டார்கள். காவலூரில் வானத்தைப் பார்க்கிற வைணு பாப்பு தொலைநோக்கி இருப்பதும் இதே மலையில்தான் என்று கூடவே ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். யோசித்து எழுதியவருக்கு என் வணக்கம்.

அடுத்த கூடம், கூத்து.

நான் வேலூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்யாண பிளவுஸ், பள்ளிச் சீருடை எல்லாம் தைத்தாலும், பங்குனி தொடங்கி ஆடி வரை என் கடையில் மிஷின் ஓடுவது கூத்துத் துணிக்குத்தான். என் நைனா செய்யாறு பக்கத்து வேஷக்காரர். துரியோதனன் என்றால் அவர்தான் என்று சுற்று வட்டாரத்தில் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். இப்போது வயசாகிவிட்டது, விடிய விடிய ஆடுவதில்லை. பின்பாட்டுக்கு நிற்பார், சின்னப் பையன்களுக்கு அடவு சொல்லிக் கொடுப்பார். அவரையும் அழைத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஆள் உயரப் பொம்மை ஒன்று, கூத்து வேஷத்தில். பலகையில் 'தெருக்கூத்துக் கலைஞர்' என்று மட்டும். என்ன வேஷம் என்று இல்லை. நைனா கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "மொகம் பச்சை. அப்போ கிருஷ்ணரு. கையில கதாயுதம் வெச்சிக்கீறாரு, மீசை துரியோதனன் மீசை. யாரும்மா இது?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? பலகையில் உள்ளதைத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. எங்கள் ஊரில் ஐந்து வயசுப் பிள்ளை, தூக்கக் கலக்கத்தில் கண்ணைத் திறந்தாலும் முகத்து நிறத்தைப் பார்த்து யார் வந்திருக்கிறார் என்று சொல்லிவிடும். இது தப்பாக இருந்தால், ராமர் கையில் புல்லாங்குழல் கொடுத்து நிற்க வைத்த மாதிரி. தோளில் கட்டுகிற புஜகீர்த்தி இரண்டும் இடம் மாறியிருந்தன, வலது தோளுக்குரியது இடது தோளில். நைனா பெட்டியைத் திறக்கச் சாவி கேட்டார், ஐந்து நிமிஷத்தில் சரியாகக் கட்டிவிடுகிறேன் என்று. அந்தப் பெண் அலுவலகத்துக்கு போன் போட்டாள். திறக்க அனுமதி இல்லை என்றார்கள். சரி என்று அவர் வாயாலேயே ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். நல்ல பிள்ளை.

என் கண் போனது சட்டை மேல். பளபளவென்று சாட்டின், உள்துணி இல்லை, கக்கத்தில் ஒட்டினாற்போல வெட்டித் தைத்திருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் கிறிக்கி அடித்தால், அதாவது சுழன்று ஆடினால், முதல் சுற்றிலேயே அக்குள் கிழியும். கூத்துச் சட்டைக்குக் கக்கத்தில் சதுரமாக ஒரு துண்டுத் துணி வைத்துத் தைக்க வேண்டும், கை தலைக்கு மேல் போனாலும் சட்டை ஏறாமல் இருக்க. உள்ளே பருத்தித் துணி கொடுக்க வேண்டும், வியர்வை குடிக்க. லாங் பஜாரில் வெல்வெட்டும் சரிகை லேஸும் வாங்குவதற்கு முன்னால் நான் வாங்குவது அந்த உள்துணியைத்தான். பாவாடையும் அப்படித்தான். இடுப்பைச் சுற்றிப் பழைய புடவைகளைச் சுருட்டிக் கட்டி, அதற்கு மேல் பாவாடை விழ வேண்டும். அப்போதுதான் சுழலும்போது குடை மாதிரி விரிந்து நிற்கும். பொம்மையின் இடுப்பில் அது திரைச்சீலை போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

தையல்காரி இதைத்தான் பார்ப்பாள் என்று சொல்லலாம். ஆனால் ஒரு கலையை ஆடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதில் ஒன்றுகூடத் தப்பாகியிருக்காது. மலை வீட்டுக்குக் கேட்டார்கள். கூத்துக்குக் கேட்கவில்லை. கடையில் ஆர்டர் கொடுத்து வாங்கி மாட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பெட்டியில் நிஜமான பொருள் ஒன்றே ஒன்றுதான்: கிரீடம். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியது. கனமே இருக்காத மரம், அதனால்தான் ராத்திரி முழுக்கத் தலையில் தாங்க முடிகிறது. மேலே கண்ணாடிச் சில்லுகளைச் சின்னச் சின்னதாக வெட்டி ஒட்டியிருக்கிறது. ஓரத்தில் ஒரு சில்லு விழுந்து, அந்த இடத்தில் புதுசாக வேறு நிறத்தில் ஒன்று ஒட்டியிருந்தது. அந்த ஒட்டைப் பார்த்ததும் நைனா சொன்னார்: "இது ஆடின கிரீடம். யாரோ வித்துட்டுப் போயிக்கீறாங்க." உள்பக்கம் நெற்றி படுகிற இடத்தில் துணி கறுத்துப் போயிருந்தது, அரிதாரமும் எண்ணெயும் வியர்வையும் ஊறி. யார் தலை அது? எந்த ஊர்த் தச்சர் செதுக்கியது? எத்தனை படுகளம் பார்த்தது? பலகையில் 'மரக் கிரீடம், 20-ஆம் நூற்றாண்டு' என்று இருக்கிறது.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் கண்டி ராஜா விக்கிரம ராஜசிங்கன் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகை இருக்கிறது. ஆங்கிலேயர்கள் பிடித்துக்கொண்டு வந்து இந்தக் கோட்டையில் வைத்திருந்த ராஜா, 1832-ல் இங்கேயே இறந்துபோனார். பலகையைப் பார்த்ததும் யாருடையது என்று நமக்குத் தெரிகிறது, மனசு கொஞ்சம் அவர் பக்கம் போகிறது. ராஜாவின் விளையாட்டுச் சாமானுக்குக் கிடைத்த அந்த மரியாதை, துரியோதன மகாராஜாவாக வாழ்ந்த ஒரு கூலிக்காரரின் கிரீடத்துக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

சுவரில் ஒரு பெரிய எழுத்துப் பலகை: கூத்து என்பது கிராம மக்களின் பொழுதுபோக்கு, அழிந்துவரும் கலை. இரண்டையும் படித்துவிட்டு நைனா பேசாமல் வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

பொழுதுபோக்கா? எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறினால், பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, அரவான் களப்பலி, கர்ண மோட்சம் என்று வரிசையாகப் போய், கடைசி நாள் காலையில் படுகளம். களத்தில் மண்ணால் துரியோதனனை மல்லாந்து படுத்த மேனிக்கு, ஒரு வீட்டு நீளத்துக்குச் செய்து வைத்திருப்பார்கள். வீமன் தொடையில் அடிப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள், சாயங்காலம் தீமிதி. தீ மிதிக்கிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பவர்கள். துகிலுரியும் ராத்திரியில் அம்மா என்று கும்பிட்டு அழுகிற பெண்களை நான் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். அதே கூத்து, துக்க வீட்டுக்கும் போகும். பெரியவர் ஒருவர் போய்விட்டால், கருமாதி ராத்திரியில் கர்ண மோட்சம் ஆட விடுவார்கள். கர்ணன் சாகும்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் தங்கள் தகப்பனுக்காக அழுவார்கள். என் தாத்தாவுக்கு நைனாவே ஆடினார். இதை 'பொழுதுபோக்கு' என்று எழுதிய கை எங்கள் ஊரில் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தால் அப்படி எழுதியிருக்காது.

அழிந்துவரும் கலை என்பதற்கும் பதில் இருக்கிறது. கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். புரிசை இங்கேதான், செய்யாறு பக்கம். காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் 1990-லிருந்து இருக்கிறது, அங்கே பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். கஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. வாய்ப்பு இல்லாத மாசங்களில் வேஷக்காரர்கள் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள், ஜமா என்கிற கூத்துக் குழுவைக் கட்டிக் காப்பது எவ்வளவு பாடு என்று என் வீட்டிலேயே பார்த்தவள் நான். ஆனால் போன சித்திரையில் எனக்கு வந்த ஆர்டரைத் தைத்து முடிக்க முடியாமல் இரண்டு ஜமாவைத் திருப்பி அனுப்பினேன். அந்தப் பலகையைப் படித்துவிட்டுப் போகிற பெங்களூருக்காரர், இங்கிருந்து பஸ் ஏறினால் அன்றைக்கு ராத்திரியே கூத்துப் பார்க்கலாம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வார்?

மூன்றாவது கூடத்தில் பழைய போட்டோக்கள். இருளர், குறவர், நரிக்குறவர் என்று தலைப்புப் போட்டு, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. யார் எடுத்தது, எப்போது, அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் யார், ஒன்றும் இல்லை. என் பெண் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று அவள்தான் சொன்னாள். எட்கர் தர்ஸ்டன் என்பவர் 1885-லிருந்து 1908 வரை சென்னை அருங்காட்சியகத்துக்குத் தலைமை. தென்னிந்திய மக்களை ஜாதி ஜாதியாக நிற்க வைத்து, தலை, மூக்கு, உயரம் என்று கருவி வைத்து அளந்தார். அதெல்லாம் 1909-ல் ஏழு தொகுதியாக வந்தது. நானும் நாள் முழுக்க ஆட்களை அளக்கிறவள்தான். ஆனால் என்னிடம் அளவு கொடுத்தவர்கள் திரும்பி வந்து, போட்டுப் பார்த்து, இங்கே பிடிக்கிறது அங்கே தொங்குகிறது என்று சொல்லுவார்கள், நான் பிரித்துத் தைப்பேன். தர்ஸ்டனிடம் அளவு கொடுத்தவர்களுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. நூறு வருஷம் கழித்துக் கட்டிய கூடத்திலாவது அதைக் கொடுத்திருக்கலாம்.

நரிக்குறவர் மக்களைத் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023-ல்தான் வந்தது. எத்தனையோ வருஷம் மனுக் கொடுத்துப் போராடி வாங்கியது. அவர்கள் பிள்ளைகள் பள்ளியில் சாதிச் சான்றிதழுக்காகப் பட்ட பாடு ஊருக்கே தெரியும். போட்டோவுக்குக் கீழே அதில் ஒரு வரி இல்லை. வாசல் கடையில் மட்டும் பாசிமணி மாலை 350 ரூபாய்க்குத் தொங்குகிறது. கோத்தவர் யார் என்று கேட்டேன், மொத்த வியாபாரியிடம் வாங்கியதாகச் சொன்னார்கள். நான் வாங்கவில்லை. புது பஸ் ஸ்டாண்டில் கோக்கிறவர் கையிலிருந்தே வாங்குகிறேன்.

இதெல்லாம் பெரிய ஊர்களில் மட்டும் நடக்கிற காரியமில்லை, முடியாத காரியமும் இல்லை. போபாலில் மானவ சங்கிரகாலயம் என்கிற அருங்காட்சியகம் இருக்கிறது. என் பெண் கல்லூரிச் சுற்றுலாவில் போய்ப் பார்த்துவிட்டு வந்து வாரக்கணக்கில் அதையே பேசினாள். பழங்குடி வீடுகளை அந்தந்த மக்களே வந்து கட்டியிருக்கிறார்கள். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் நிஜ ஊர்களிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து எழுப்பி, கைவினைக்காரர்களை அங்கேயே உட்கார வைத்து வேலை செய்ய விடுகிறார்கள். அமெரிக்காவில் பூர்வகுடிகளின் சம்மதம் வாங்காமல் அவர்களுடைய பொருளைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று புது விதி வந்ததும், நியூயார்க்கில் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2024 ஜனவரியில் இரண்டு பெரிய கூடங்களையே மூடிவிட்டது. மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டு வையுங்கள் என்கிறேன்.

கோட்டை அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. அதே மாதிரிக் கல், செங்கம் பக்கம் போனால், வயல் வரப்பில் வேடியப்பன் என்ற பெயரில் மஞ்சள் குங்குமத்தோடு நிற்கும். மாடு கொள்ளையடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரனுக்கு எடுத்த கல், ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்தும் பொங்கல் வாங்குகிறது. எடுத்தனூர்க் கல்லில் கோவிவன் என்கிற நாயின் பெயரையே பொறித்து வைத்தார்கள், மகேந்திரவர்மன் காலத்தில். எஜமானோடு நின்று கள்ளனைக் கடித்த நாய். நம் ஊரில் பெயர் எழுதி வைக்கும் பழக்கம் அவ்வளவு பழசு. கூத்துக் கூடத்தில் ஒரு மனுஷர் பெயர்கூட இல்லாமல் எப்படி விட மனசு வந்தது?

வருகைப் பதிவேட்டில் இரண்டு பக்கம் எழுதிவிட்டு வந்தேன். கிரீடத்தை விற்றவர் யார் என்று கொள்முதல் ரசீதைத் தேடுங்கள், ஊர் தெரிந்தாலே போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பொம்மைக்குப் பதிலாகக் கிரீடம், புஜகீர்த்தி போன்ற மரக் கட்டைகளைத் தனித்தனியாக வையுங்கள், ஒரு ஜமாவை அழைத்து எது எதற்கு என்று அவர்கள் வாயால் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து ஓட விடுங்கள். முகவீணைக் குழலும் மத்தளமும் கேட்காத கூத்துக் கூடம் எதற்கு? இந்த வருஷம் எந்த ஊரில் எப்போது பாரதம் என்று ஒரு கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். சட்டை வேண்டுமானால் நான் தைத்துத் தருகிறேன், துணிக் காசு மட்டும் கொடுங்கள். போன் நம்பரும் எழுதினேன்.

கூப்பிட்டார்கள். மேலாளர் மரியாதையாகவே பேசினார். முகத்து நிறத்தை மாற்றிவிட்டோம், புஜகீர்த்தியைச் சரி செய்துவிட்டோம் என்றார். அதற்கு நன்றி. அப்புறம், சனிக்கிழமை ராத்திரி விருந்தினர்கள் சாப்பிடும் நேரத்தில் இருபது நிமிஷம் கூத்துப் போட முடியுமா, பணம் நன்றாகத் தருகிறோம் என்று கேட்டார். போனை நைனாவிடம் கொடுத்தேன். "திரைக்குப் பின்னால நின்னு விருத்தம் பாடி முடிக்கவே இருபது நிமிஷம் ஆகும் சார். சாப்பாட்ட முடிச்சிட்டு வந்து உக்காரச் சொல்லுங்க. ரெண்டு மணி நேரம் குடுங்க, கர்ண மோட்சம் மட்டும் ஆடறோம். மேடை வாணாம், தோப்புல மண் தரை போதும்" என்றார். முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். நைனா ஜமாவுக்குச் சொல்லி வைத்துவிட்டார்.

போகிறவர்கள் மலை வீட்டுக்காகத் தாராளமாகப் போகலாம், அதற்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து. மற்றக் கூடங்களையும் சேர்த்தால் மூன்று. சனி, ஞாயிறு காலையில் போங்கள், அந்த ஜமுனாமரத்தூர்ப் பெண் அந்த இரண்டு நாள்தான் இருக்கிறாள். கூத்துக் கூடத்தில் அவளிடம் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், பலகையில் இல்லாததெல்லாம் அதில் இருக்கிறது. செவ்வாய் விடுமுறை.